விலை இறங்கிய வருடத்தில் மனிதர்களின் எடை

பெட்ரோல் விலை நான்காவது முறை இறங்கிய திங்கட்கிழமை காலை, எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டுச் சமையலறைத் தரையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை மண்ணுக்குள் போனார். அதே நிமிடத்தில், தெருவின் எதிர் வரிசையில், டாக்ஸி ஓட்டும் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபடியே எழும்பி, குளியலறைக் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். கிணற்றுக்காரருக்குக் காலில் மூன்று தையல், டாக்ஸிக்காரருக்கு உச்சந்தலையில் இரண்டு. ஊரில் இருந்த ஒரே கம்பவுண்டர்தான் இரண்டு பேருக்கும் தைத்தார். தைத்துவிட்டு, வந்ததற்கு எடையையும் பார்த்துவிடலாமே என்று இருவரையும் தராசில் நிற்க வைத்தார். கிணற்றுக்காரர் நின்றபோது முள் வலது கோடிக்குப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. அதைத் தட்டி எடுத்துவிட்டு டாக்ஸிக்காரரை நிறுத்தினால், முள் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் வந்து நடுங்கியது. கம்பவுண்டர் இரண்டையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அந்தத் தெருவின் வாயில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. வலது வரிசை முழுக்கக் கிணற்றுக்காரர்களின் வீடுகள், இடது வரிசை முழுக்க ஓட்டுநர்களின் வீடுகள். பங்கில் பதினோரு வருடமாக வேலை பார்த்த பெண்ணை எல்லாரும் நம்பரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் போனில் அன்றைய விலை வரும். அவள் ஏணி வைத்து ஏறி, நேற்றைய எண் தகடுகளைக் கழற்றி, இன்றைய தகடுகளைப் பலகையில் மாட்டுவாள். அவள் பிறந்தது வலது வரிசை, வாழ்க்கைப்பட்டது இடது வரிசை. கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குப் போக அவளுக்குப் பதினான்கு எட்டுதான் ஆயிற்று, பெட்டியைக்கூடத் தானே தூக்கிக்கொண்டு போனாள் என்று சொல்வார்கள். அவள் அண்ணன் துளை மேடையில் குழாய் பூட்டுகிற வேலைக்காரர். ஒரு விரலைச் சங்கிலி கொண்டுபோய்விட்டதால் அவருக்கு ஒன்பதுவிரல் என்று பெயர். அவள் கணவர் டாங்கர் லாரி ஓட்டுபவர். அண்ணன் தரையிலிருந்து எடுத்ததைக் கணவர் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கினார், அவள் அதை வண்டிகளில் ஊற்றினாள். மூன்று பேர் சாப்பாடும் ஒரே குழாய் வழியாகத்தான் வந்தது. அதனால்தானோ என்னவோ, விலை இறங்க இறங்க அந்தத் தெருவில் எண்ணெயை நம்பி வேலை பார்த்தவர்களில் எடை மாறாத ஒருத்தி அவள் மட்டுமாக இருந்தாள்.

விலை ஏன் இறங்கியது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அளவுக்கு மீறி இறைத்துவிட்டார்கள், வாங்க ஆளில்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கின்றன என்று ரேடியோ சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு முறை இறங்கியபோதும் ஒரு கிணற்றின் வாயை மூடி இரும்புச் சக்கரத்தைத் திருகிப் பூட்டினார்கள். முதலில் ஒப்பந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தவர்களை அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்தால் கட்டில் உடைந்தது, தரையில் உட்கார்ந்தால் தரை உடைந்தது. உடம்பு பெருக்கவில்லை, சட்டை அதே அளவுதான். எடை மட்டும் எங்கிருந்தோ வந்து எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆறாவது இறக்கம் வரைக்கும் அவர்களே காலைப் பிடுங்கி வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு பெண்டாட்டிமார் கடப்பாரையைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஓட்டுநர்களுக்கு முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. டேங்க் நிரம்ப நிரம்பப் போட்டுக்கொண்டு, வேலை இல்லாத ஊருக்கெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் பெட்ரோல் மலிந்ததும் ஊரில் பாதிப் பேர் சொந்த வண்டி எடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் வாடகையில் பேரம் பேசினார்கள். "பெட்ரோலே இறங்கிருச்சு, நீ மட்டும் ஏன்யா இறங்க மாட்டேங்குற?" என்று ஒரு வியாபாரி கேட்டபோது, அந்த ஓட்டுநர் நிஜமாகவே சீட்டுக்கு ஒரு சாண் மேலே மிதந்துகொண்டிருந்தார். கனம் இல்லாத காலால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை என்பதை அவர்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கம் மூன்று உயிரைக் கொண்டுபோனது. டவுன் பஸ் ஓட்டுநர் இரண்டு காலாலும் மிதித்தும் பஸ் நிற்காமல் டீக்கடைக்குள் போனது. இறந்தவர்களில் டீ மாஸ்டரும் ஒருவர், கையிலிருந்த டம்ளர் மட்டும் உடையாமல் இருந்தது. அதற்கப்புறம் ஓட்டுநர்கள் சட்டைப் பைகளிலும் கால்சட்டைப் பைகளிலும் கல்லும் சக்கர நட்டும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பாரத்துக்கு வைத்த கல் பாரத்துக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

நம்பரக்கா பங்கின் ஓரத்தில் ஒரு தண்ணீர் டிரம் வைத்திருந்தாள். அதற்கு ஒரு டம்ளர்தான். மூச்சு வாங்க வாங்க நடந்து வரும் கனத்தவர்களும், வெயிலில் மிதந்து தலைசுற்றி இறங்கும் லேசானவர்களும் அதிலேதான் குடித்தார்கள். ஒரு வரிசைக்காரர் குடித்த டம்ளரில் அடுத்த வரிசைக்காரர் குடிப்பதா என்று யாரோ அதை மிதித்து நசுக்கினார்கள். அவள் இன்னொன்று வாங்கி வைத்தாள். அதையும் நசுக்கினார்கள். மூன்றாவதையும் வாங்கி வைத்தாள்.

ஏழாவது இறக்கம் அன்று முதல் கொலை நடந்தது. ஹாரன் என்று பெயரெடுத்த டாக்ஸிக்காரர் ஒருவர் இருந்தார், தன் வீட்டு வாசலில் கோழி நின்றாலும் ஹாரன் அடிப்பவர். அவர் பங்கில் நின்றபோது, வேலை போன ஒரு கிணற்றுக்காரர் தார்ச் சாலையில் கால் புதையப் புதைய வந்தார். ஹாரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னண்ணே, நேரா உள்ளயே போய் எண்ணெய் எடுத்துட்டு வந்துரலாம்னு பாக்குறீங்களா?" என்றார். கிணற்றுக்காரர் அவரை ஓர் அறை அறைந்தார். எந்த அண்ணன் தம்பிச் சண்டையிலும் விழுகிற சாதாரண அறைதான். ஆனால் அறைந்த கையின் கனம் அவருக்கே தெரியாது, வாங்கிய கன்னத்துக்கோ கனமே கிடையாது. ஹாரன் பங்கின் கூரையைத் தாண்டிப் பறந்து, விலைப் பலகையின் கம்பத்தில் மோதி, கழுத்து முறிந்து கீழே வந்தார். அவர் மேல் ஏழாம் எண் தகடு விழுந்தது. நம்பரக்கா ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். உயிர் இல்லை. ஒரு கார் பெட்ரோலுக்குக் காத்திருந்ததால், எழுந்து தகட்டின் இரத்தத்தைத் துடைத்து மறுபடியும் மாட்டினாள். பழக்கம் அப்படி. அந்தத் துடைப்புக்காகக் கடவுளிடம் அவள் பல நாள் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் மதியம் ஓட்டுநர்கள் பையிலிருந்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததும் வீசமாட்டார்கள், வலது வரிசைக் கூரைகளுக்கு மேலே போய் நின்று ஒவ்வொன்றாகப் போடுவார்கள். போடப் போட மேலே போவார்கள் என்பதால் கடைசிக் கல்லை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரை விளிம்பைப் பற்றிப் பற்றி இறங்குவார்கள். தகரக் கூரையைத் துளைத்த ஒரு சக்கர நட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளின் தோள் எலும்பை உடைத்தது. கிணற்றுக்காரர்கள் துளை மேடைச் சங்கிலியைத் தலைக்கு மேலே சுழற்றினார்கள். அதில் சிக்கிய கால்கள் முழங்காலோடு போயின. ஒரு மாதத்தில் பதினோரு பேர் செத்தார்கள், கம்பவுண்டரிடம் நூல் தீர்ந்துபோய்த் தலையணை உறைகளைப் பிரித்து நூல் எடுத்தார். போலீஸ்காரர்கள் வந்தார்கள். கனமும் இல்லாமல் லேசும் இல்லாமல் இருந்த அவர்கள், எழுதவேண்டியதை எழுதிக்கொண்டு போனார்கள்.

இந்த ஒரு மாதமும் ஒன்பதுவிரலும் டாங்கர்காரரும் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லை. அவர் கூரை மேல் இவர் கல் போடவில்லை, இவர் வாசலில் அவர் சங்கிலி சுழற்றவில்லை. நடுவில் ஒருத்தி இருக்கிறாளே என்று இருந்தார்கள். அந்த ஒரு நூலையும் அறுத்தது காக்காவின் சாவு.

காக்கா என்பவர் ஒன்பதுவிரலின் கூட்டாளி. துளைக் கோபுரத்தின் உச்சியில், தொண்ணூறு அடி உயரத்தில், பலகை மேல் நின்று குழாய்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. ஊரிலேயே அதிக உயரத்தில் வேலை பார்த்தவர். ஒன்பதாவது இறக்கம் அன்று காலை ரொட்டி வாங்கப் போனவர், நடுத்தெருவில் இடுப்பு வரை போய்விட்டார். இடுப்பு வரை போனவரைத் தோண்டி எடுக்க முடியாது, தோண்டத் தோண்ட அவர் கீழேதான் போவார். ஓட முடியாதவனை அடிப்பது சுலபம் என்பதால் நான்கைந்து ஓட்டுநர்கள் ஜாக்கிக் கம்பியோடு வந்து அவரை அடித்தார்கள். காக்கா ரொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி வாங்கினார். டாங்கர்காரர்தான் ஓடி வந்து அவர்களைத் தள்ளிவிட்டார். தள்ளியதோடு நிற்காமல், லாரியைக் கொண்டுவந்து, காக்காவின் அக்குளில் சாக்கை மடித்து வைத்து, இழுவைச் சங்கிலியைப் போட்டார். சேற்றில் மாட்டிய சக்கரத்தை, வண்டியைச் சட்டென்று முன்னால் எடுத்து ஒரு வெட்டு வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்பது இருபது வருட அனுபவம். நல்ல மனது, தெரிந்த வேலை. வலது வரிசையில் தன் வாசலில் முழங்கால் வரை மாட்டியிருந்த ஒன்பதுவிரல், "இழுக்காதே! மாப்ள, இழுக்காதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. முதல் வெட்டுக்குக் காக்கா அசையவில்லை. இரண்டாவது வெட்டுக்கு, இடுப்புக்கு மேலே இருந்தது மட்டும் வந்தது.

டாங்கர்காரர் கீழே இறங்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, கேபின் கூரைக்கு எழும்பி, அங்கே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நம்பரக்கா காலடியில் நின்று கேட்டாள். "தெரியாமதானே செஞ்சீங்க?"

"தெரிஞ்ச வேலைன்னு நெனச்சுதான் செஞ்சேன். அதான் தாங்க முடியல" என்றார் அவர்.

ஒன்பதுவிரலுக்கு இந்தப் பதில் போய்ச் சேரவில்லை. அவருக்குத் தெரிந்தது, தன் தங்கச்சி புருஷன் தன் கூட்டாளியை லாரியில் கட்டி இரண்டாகக் கிழித்தான் என்பது மட்டும். "அவன் மண்டையக் குழாய்ச்சாவியால பொளக்காம நான் மண்ணுக்குள்ள போக மாட்டேன். சொல்லிரு" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி அனுப்பினார். பிறகு கடப்பாரையை வாங்கித் தன் காலைத் தானே தோண்டத் தொடங்கினார். இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டாம் நாள் காலை, பத்தாவது இறக்கம். போனில் விலை வந்ததும் நம்பரக்கா ஏணியை எடுக்கப் போய், நின்றுவிட்டாள். பத்து மாதமாக இந்தக் கையால்தானே மாட்டுகிறேன், நான் மாட்டின பிறகுதானே அண்ணன் இறங்குகிறார், மாட்டாவிட்டால்? பதினோரு வருடம் பலகையை நம்பியே வேலை பார்த்தவளுக்கு விலை பலகையில்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. இருந்த தகடுகள் அத்தனையையும் எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கால் மணி நேரத்தில் ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். பழைய விலையே தொங்குகிறது என்று முதலில் கேட்டார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு ஒரு கல் வந்து அவள் நெற்றியில் பட்டது. யாரோ பம்பின் கண்ணாடியை உடைத்தான். யாரோ குழாயைப் பிடுங்கித் தரையில் பெட்ரோலைப் பீய்ச்சினான். சிகரெட்டோடு வந்த ஒரு வேன்காரனின் இரண்டு கையும் பற்றிக்கொண்டன. மண் வாளியைக் கொட்டி அணைத்தார்கள், தோல் உரிந்து அவன் ஊளையிட்டான். டாங்கர்காரர் கூட்டத்தைப் பிளந்து வந்து மனைவிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "அவளைத் தொட்டா தெரியும்! வெலைய அவளா போடுறா? பலகையில மாட்டுறதுக்குத்தானேடா அவ ஆளு!"

அப்போது தெரு அதிர்ந்தது. ஒன்பதுவிரல் வந்துகொண்டிருந்தார். ஓர் எட்டுக்கு ஒரு பள்ளம், கையில் மூன்றடிக் குழாய்ச்சாவி. கூட்டம் ஒதுங்கியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து வீசினார். டாங்கர்காரர் தடுத்த இடது கை முறிந்து, உடம்பு பம்பரம் போல் சுற்றிக் கற்கள் சிதறின. இரண்டாவது வீச்சுக்குக் குழாய்ச்சாவி தலைக்கு மேலே போயிருந்த நிமிடத்தில் மணி ஆறரை, புது விலை நடப்புக்கு வரும் நேரம். பலகையில் பழைய எண்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பதுவிரல் நின்ற இடத்திலேயே, கிணற்றில் வாளி இறங்குவது போல, நெஞ்சு வரை இறங்கினார். டாங்கர்காரர் கல்லில்லாமல் மேலே போய், பங்கின் கூரை விளிம்பில் காலைக் கொக்கி போட்டுத் தொங்கினார். விலை பலகையில் இல்லை என்று நம்பரக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே, நேற்று ரேடியோ சொன்னதும் ஞாபகம் வந்தது. நாளைக் காலை இதைவிடப் பெரிய இறக்கம். நெஞ்சு வரை போயிருக்கும் அண்ணனுக்கு நாளை தலை இருக்காது.

ஓட்டுநர்கள் கல்லோடு நெருங்கினார்கள். அவள் அண்ணனின் தலை மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். நான்கு கல் அவள் முதுகில் விழுந்தன. கூரையிலிருந்து கணவர், "என்னை அடிங்கடா! மேல பாத்து அடிங்கடா!" என்று அலறினார். ஐந்தாவது கல்லுக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் வேன்காரனின் அழுகை கேட்டது. வெந்த கையைக் காற்றில் வைத்துக்கொண்டு, அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தான். முதல் கல் அவன் போட்டதுதான், அவள் பார்த்திருந்தாள். அவள் எழுந்து, நெற்றி இரத்தம் கண்ணில் வழிய, டிரம்மிடம் போய் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அவன் கைகளில் மெதுவாக ஊற்றினாள். மறுபடி மொண்டு வந்து ஊற்றினாள். ஏழெட்டு டம்ளர் ஆயிருக்கும். ஒருவரும் கல் போடவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவளை எப்படி அடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அக்கா, என் பையில கல்லு இருக்கு. எடுத்துப் போட்டுரு. என்னால முடியல" என்றான் வேன்காரன்.

அவள் எடுத்துப் போட்டாள். போட்டதும் அவன் எழும்பினான். கல்லைக் கீழே போட்டவன் மேலே போவான் என்பது எல்லாரும் பத்து மாதமாகப் பார்த்ததுதான். ஆனால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது என்பது அந்த நிமிடம் வரை யாருக்கும் தோன்றவில்லை. அவள் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, லாரியில் கிடந்த நைலான் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னாள்.

கயிற்றின் ஒரு நுனியை அண்ணனின் அக்குளில் சுற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநுனி யார் இடுப்புக்குப் போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். "அவன் கயித்துல நான் வர மாட்டேன். நீ போ பாப்பா."

"சரி வராதே. அந்தக் குழாய்ச்சாவிய மட்டும் குடுத்துட்டுப் போ. ரெண்டாம் நம்பர் பம்புல நட்டு லூசா இருக்கு."

ஒன்பதுவிரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்த சிரிப்பு. நெஞ்சு குலுங்கியதில் சுற்றியிருந்த மண் ஒரு மயிரிழை விட்டது. அதை அவர் உடம்பு உணர்ந்தது, தொழில் உணர்ந்தது. முப்பது வருடத்தில் பூமிக்குள் சிக்கிய எத்தனையோ குழாய்களை வெளியே எடுத்தவர் அவர். சிக்கிய குழாயை வெட்டி இழுத்தால் அது முறியும். இழுவையை விடாமல் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் தண்ணீர் விட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் ஒரு நூல் திருப்பிக்கொடுத்துக் காத்திருக்கவேண்டும். நம்பரக்கா அதைத்தான் செய்யத் தொடங்கியிருந்தாள். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என் தொழில எனக்கே காட்றியா?"

"பத்து வயசுலேருந்து சோறு திங்க விடாம இதையேதானே சொல்லிக் கொன்ன. அசையாம இரு."

டாங்கர்காரரின் இடுப்பில் கயிறு கட்டி, கூரையிலிருந்து காலை விடச் சொன்னாள். அவர் எழும்பினார், கயிறு விறைத்தது. அவர் பழக்கப்படி ஒரு வெட்டு வெட்டப் பார்த்தார். "இழுக்காதீங்க! சும்மா இருங்க, அது போதும்" என்று அவள் கத்தினாள். இந்த முறை இஞ்சின் சத்தம் இல்லை. அவருக்குக் கேட்டது. வேன்காரனை அதே கயிற்றில் கட்டினாள். பிறகு ஒரு பஸ் டிரைவர் முன்னால் வந்து, பையைக் கவிழ்த்துக் கல்லைக் கொட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கற்கள் விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது. மதியத்துக்குள் பதினேழு பேர் அந்தக் கயிற்றில் பட்டம் போல் நின்றார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு ஒன்பதுவிரல்தான் பேச்சை ஆரம்பித்தார். "நான் கத்தினேன்டா. கேக்கலையா உனக்கு?"

"இஞ்சின் சத்தம் மச்சான். சத்தியமா கேக்கல."

"அவன் ரொட்டியக் கீழ விடல, பாத்தியா?"

"பாத்தேன். அதான் கண்ணுலயே நிக்குது."

ஒன்பதுவிரல் அண்ணாந்து பார்த்தார். "கை வலிக்குதா?"

"நல்லாவே வலிக்குது."

"நல்லாத்தான் அடிச்சேன்" என்றார் ஒன்பதுவிரல். பிறகு தலையைக் குனிந்து, மண் பட்ட முகத்தோடு அழுதார். தங்கச்சி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை என்பதால் எது கண்ணீர் எது டம்ளர் தண்ணீர் என்று யாரும் கவனிக்கவில்லை. இருட்டுவதற்குள் இடுப்பு வெளியே வந்தது. விடிவதற்குள் முழங்கால். ஆறு மணிக்குப் போன் வந்தது, ஆறரைக்குப் பதினோராவது இறக்கம் வந்தது. கீழே இருந்தவருக்கு எவ்வளவு கனம் கூடியதோ அவ்வளவு மேலே இருந்தவர்களுக்குக் குறைந்தது. கயிறு ஒருமுறை நறநறத்தது. ஒன்பதுவிரலின் கால் தரையில் ஒரு விரல் அளவு பதிந்து நின்றது. எல்லா மனிதர்களின் காலும் ஈர மண்ணில் பதிகிற அளவுதான். அன்றைக்கே மற்றப் பதினாறு பேரும் கல்லைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஆளுக்கொரு துண்டாக அறுத்து எடுத்துக்கொண்டு வலது வரிசைக்குப் போனார்கள், ஆளுக்கொரு வாசலுக்கு.

ஹாரனை அறைந்தவரை மட்டும் மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து வரை போயிருந்தார். நான்காம் நாள் ஹாரனின் தம்பி கயிற்றோடு வந்து கட்டினான். பல வருடமாக ஒரே கயிற்றில் இருக்கிறார்கள், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. கயிறு விற்கும் கடையைக் காக்காவின் மனைவியும் ஹாரனின் மனைவியும் சேர்ந்து வைத்தார்கள். அளந்து கொடுக்கும்போது இருவரும் ஒரு முழம் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள்.

பிறகு விலை இரண்டு முறை இறங்கியது, ஒரு முறை ஏறியது, மறுபடி இறங்கியது. சில கிணறுகளின் சக்கரத்தைத் திறந்தார்கள், சிலதைத் திறக்கவில்லை. வேலை திரும்பாதவர்கள் வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், பக்கத்தில் கட்டப்பட்டிருப்பவர் பிரேக்கை மிதிப்பார். அந்த ஊரில் அதற்குப் பின் ஒரு விபத்தும் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் வாசல்நிலையை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வைத்துக் கட்டுகிறார்கள், ஏன் என்று கொத்தனார் கேட்பதில்லை. தையற்காரர்கள் சட்டையில் பை வைப்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது. கம்பவுண்டர் தராசை விற்றுவிட்டார்.

காலை ஆறு மணிக்குப் போன் வந்ததும் நம்பரக்கா ஏணியை எடுக்கிறாள். அண்ணன் ஏணியின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கணவர், கோணலாகக் கூடிய இடது கையில் தகடுகளை வாங்கிக்கொண்டு, மேலேயிருந்து மாட்டுகிறார். ஆகவே அவள் ஏற வேண்டியதில்லை, ஏணியும் வேண்டியதில்லை. ஆனாலும் எடுக்கிறாள். விலை ஏறியிருந்தால் கயிற்றின் முடிச்சை ஒரு சாண் தளர்த்துகிறார்கள், இறங்கியிருந்தால் ஒரு சாண் இறுக்குகிறார்கள். பிறகு மூன்று பேரும் டீ குடிக்கிறார்கள். மேலே இருப்பவருக்கான டம்ளரை அண்ணன்தான், சிந்தாமல், ஒன்பது விரலாலும் பிடித்து எட்டிக் கொடுக்கிறார்.